உங்களுக்கு எந்த லைன்? – மதுரைச் சமவெளியில் செல்பேசித் தேர்வின் கதை

மதுரைப் பக்கம் இருவர் புதிதாக அறிமுகமாகும்போது கேட்டுக்கொள்ளும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எந்த ஊர், யார் வீடு, என்ன வேலை. 2000க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த வரிசையின் கடைசியில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்துகொண்டது: "உங்களுக்கு எந்த லைன்?" அதற்குப் பதில் கிடைத்த பிறகே எண்கள் கைமாறின. இருவருக்கும் ஒரே லைன் என்றால் பேச்சு நீளும். வேறு வேறு என்றால் 'மிஸ்டு கால்' கொடுப்பதோடு உறவு நிற்கும்.

இன்று அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அது ஏன் பிறந்தது, எப்படி வாழ்ந்தது, ஏன் மறைந்தது என்பதைத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேர்வு செய்யும் உரிமை காலத்தோடு வளர்ந்துகொண்டே போகும் என்று நாம் நம்பப் பழகியிருக்கிறோம். ஏறத்தாழ முப்பதாண்டுச் செல்பேசி வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரண்டில் தொடங்கி ஒன்பது பத்தாகப் பெருகி, மீண்டும் நான்கில் வந்து நிற்கும் கதை அது. அந்த ஏற்ற இறக்கத்தில் சாதாரண மனிதர்கள் உண்மையில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் நமக்குச் சுவாரசியமான கேள்வி.

முதலில் சொல்லைப் பற்றி. கைபேசி, அலைபேசி, செல்பேசி, நகர்பேசி என்று எழுதுகிறவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது தெரு அதற்குச் 'செல்லு' என்று பெயர் வைத்து முடித்துவிட்டது. சேவை தரும் நிறுவனத்துக்கு 'லைன்' என்று பெயரிட்டது. கம்பியில்லாத கருவிக்குக் கம்பியின் பெயர். வீட்டுக்குள் கம்பி இழுத்து வந்த பழைய தொலைபேசியின் நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சமிக்ஞைக்கு 'டவர்' என்றார்கள். "டவர் இல்லை" என்றால் கோபுரம் இல்லை என்று பொருளல்ல. கோபுரம் எங்கோ இருக்கிறது, அதன் அருள் இங்கே எட்டவில்லை என்று பொருள்.

*

தேர்வே இல்லாத காலத்திலிருந்து தொடங்குவதே முறை. தொலைபேசி என்றால் அரசின் தொலைபேசித் துறை ஒன்றே. விண்ணப்பித்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருப்பது இயல்பாக இருந்தது. வீட்டில் தொலைபேசி இருப்பவர் தெருவுக்கே பொதுச் சொத்து. "பக்கத்து வீட்டு நம்பர்" என்ற குறிப்போடு அவருடைய எண்ணைப் பலரும் விண்ணப்பப் படிவங்களில் எழுதினார்கள். 1984இல் சி-டாட் நிறுவனம் உருவாகி, சாம் பிட்ரோடாவின் முனைப்பில் சிறிய தொலைபேசி இணைப்பகங்கள் ஊர்தோறும் பரவின. எண்பதுகளின் இறுதியில் மஞ்சள் பலகை தொங்கும் எஸ்.டி.டி. கூடங்கள் வந்தன. அவற்றை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்ததால் பல குடும்பங்கள் அதனால் நிமிர்ந்தன. தொண்ணூறுகளில் இரவு பதினொரு மணிக்குமேல் கட்டணம் கால் பங்காகக் குறையும். அந்த நேரத்துக்காகக் கூடங்களின் வாசலில் காத்து நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். எந்த நிறுவனம் என்ற கேள்வி அன்று எழவில்லை. எந்த நேரம் என்பது ஒன்றே தேர்வு.

அந்தத் தொலைபேசிக்கு நிலத்தோடு ஓர் ஒட்டுதல் இருந்தது. மதுரைக்கு 0452, திருமங்கலத்துக்கு 04549, உசிலம்பட்டிக்கு 04552, வாடிப்பட்டிக்கு 04543. எண்ணைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வைகைக் கரையிலிருந்து நாகமலைக்கு அப்பால் வரை விரிந்த நிலத்தின் ஒரு கணக்கு அந்தக் குறியீடுகளில் இருந்தது.

1994இல் நடுவண் அரசு தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையை அறிவித்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல். நான்கு பெருநகரங்கள் தனியாகவும், மாநிலங்கள் 'வட்டங்கள்' என்ற பெயரில் தனியாகவும் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலர் என்று இரண்டு. சென்னை நீங்கலான தமிழ்நாட்டு வட்டத்தில் பி.பி.எல்., ஏர்செல் என்று இரண்டு. தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகளில் மதுரைக்காரர் முன்னால் வந்து நின்ற தேர்வு இந்த இரண்டுக்குள்தான்.

தேர்வு என்று அதைச் சொல்வதே மிகை. தொடக்க காலத்தில் பெருநகரங்களுக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த கட்டண உச்சவரம்பு நிமிடத்துக்கு 8.40 ரூபாய், நெரிசல் நேரத்தில் 16.80 ரூபாய். அழைத்தவர் மட்டுமல்ல, அழைப்பை எடுத்தவரும் பணம் கட்டவேண்டும். மணி அடித்தால் எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க வைத்த கருவி அது. யார் அழைக்கிறார்கள் என்று திரையில் பார்த்துவிட்டு, அதை அப்படியே அணைத்துவிட்டு, அருகிலிருக்கும் எஸ்.டி.டி. கூடத்துக்கு நடந்து போய்த் திருப்பி அழைத்த கனவான்களை மாசி வீதிகள் கண்டிருக்கின்றன. செல்பேசி அன்று பேசுவதற்கான பொருளாக இருந்ததைவிடச் சட்டைப்பையில் தெரிவதற்கான பொருளாகவே இருந்தது.

நிறுவனங்களுக்கும் அது சுகமான காலம் அல்ல. ஏலத்தில் கேட்ட பெருந்தொகையை உரிமக் கட்டணமாகக் கட்ட முடியாமல் பல நிறுவனங்கள் தவித்தன. 1999இல் வந்த புதிய கொள்கை நிலையான உரிமக் கட்டணத்தைக் கைவிட்டு, வருவாயில் ஒரு பங்கை அரசுக்குத் தரும் முறையைக் கொண்டுவந்தது. அதன்பிறகே விலை இறங்குவதற்கு வழி பிறந்தது.

*

2001இல் நான்காவது உரிமங்கள் வழங்கப்பட்டன. தமிழ்நாட்டு வட்டத்துக்குள் ஏர்டெல் வந்தது. மூன்றாவது இடம் அரசுக்கு உரியது. 2000 அக்டோபர் 1 அன்று தொலைபேசித் துறையிலிருந்து பிறந்த பி.எஸ்.என்.எல்., 2002 அக்டோபரில் தன் செல்பேசிச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் ரிலையன்ஸ் சி.டி.எம்.ஏ. தொழில்நுட்பத்தோடு களத்தில் இறங்கியது. 2003 ஜூலையில் 501 ரூபாய் கட்டினால் கருவியும் இணைப்பும் கைக்கு வரும் என்று அது அறிவித்தபோது, செல்பேசி முதன்முறையாக உழைப்பாளியின் வீட்டுக்குள் நுழைந்தது. அந்தக் கருவியில் வேறு நிறுவனத்தின் இணைப்பைப் போட முடியாது என்பதைப் பலரும் வாங்கிய பிறகே உணர்ந்தார்கள்.

ஆனால் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் 2003 மே 1. அன்றுமுதல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை. மே தினத்தில் அது நடந்தது தற்செயலே என்றாலும் பொருத்தமானது. கொத்தனாரும் தச்சரும் பூக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் அதன்பிறகே செல்பேசி வாங்கினார்கள். வேலை தருகிறவர் அழைப்பார்; இவர் எடுத்துப் பேசினால் போதும். கையில் காசில்லாவிட்டாலும் ஓர் எண் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. முகவரி இல்லாதவனுக்கு எண் முகவரியானது.

'மிஸ்டு கால்' என்ற மொழி அப்போது முழு வளர்ச்சி அடைந்தது. ஒரு மணி அடித்தால் 'வந்து சேர்ந்துவிட்டேன்'; இரண்டு அடித்தால் 'கிளம்பு'; விடாமல் அடித்தால் 'நீயே கூப்பிடு, என்னிடம் காசில்லை'. நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் ஒரு காசும் ஏறாமல் ஒரு சமூகம் தனக்குள் பேசிக்கொண்ட விதம் அது. அதற்கு இலக்கணம் எழுதியவர் எவரும் இல்லை. பிழையாகப் பயன்படுத்தியவரும் அதிகம் இல்லை.

இன்னொரு மொழியும் இருந்தது: எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள். 9842 என்றால் ஏர்செல். 9843 என்றால் பி.பி.எல். 9894 என்றால் ஏர்டெல். 9443 என்றால் பி.எஸ்.என்.எல். 9840, 9841 என்றால் ஆள் சென்னைக்காரர் அல்லது சென்னையில் வேலை பார்க்கிறவர். திருமண அழைப்பிதழின் கீழ்ப்பகுதியையும் கடைக் கதவையும் ஆட்டோவின் முதுகையும் படித்தே லைனைச் சொல்லிவிட மதுரைச் சிறுவர்களால் முடிந்தது. 9842இல் தொடங்கும் எண் வைத்திருந்தவருக்குத் தனி மிடுக்கு. 'நாங்க ஆரம்பத்துலயே வாங்கினது' என்பது அதன் உட்பொருள். பழைய 0452 நிலத்தைச் சொன்னது. புதிய எண் நிறுவனத்தையும், வாங்கிய காலத்தையும், ஓரளவு வசதியையும் சொன்னது.

சென்னையும் மதுரையும் வேறு வேறு வட்டங்களாக இருந்ததால் ஒரு வினோதமும் நிகழ்ந்தது. இரவு வண்டியில் ஏறும் மதுரைக்காரர் விடிகாலை தாம்பரத்தை நெருங்கும்போது அவருடைய செல்பேசி வெளிமாநிலத்தானைப்போல 'ரோமிங்' ஆகிவிடும். ஒரே முதலமைச்சர், ஒரே மொழி. செல்பேசிக்கு மட்டும் இரண்டு நாடுகள். 2005இல் இரு வட்டங்களும் இணைக்கப்பட்டன. மறு ஆண்டு மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுவதற்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தியபோது தூரம் என்பதே பொருளிழக்கத் தொடங்கியது.

*

இத்தனைக்கும் நடுவில் மக்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? விளம்பரங்கள் விலையைப் பேசின. நடிகர்களும் ஒரு நாய்க்குட்டியும் பேசினார்கள். ஆனால் மதுரைச் சமவெளியில் தேர்வை முடிவு செய்தவை இரண்டு: நிலமும் உறவும்.

நிலம் என்றால் மலை. ஆனைமலை, நாகமலை, பசுமலை, வடக்கே அழகர்மலை என்று சமவெளிக்கு நடுவிலும் ஓரத்திலும் பாறைகள் எழுந்து நிற்கும் ஊர் இது. மலையின் இந்தப் பக்கம் நான்கு கோடு காட்டும் கருவி அந்தப் பக்கம் ஊமையாகிவிடும். இதற்குள் ஓர் இயற்பியல் காரணமும் ஒளிந்திருந்தது. முதலில் வந்த இரண்டு தனியார் நிறுவனங்களுக்கும் அரசு நிறுவனத்துக்கும் கிடைத்தது 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. நான்காவதாக வந்தவருக்குக் கிடைத்தது 1800. குறைந்த அதிர்வெண் அலை அதிக தூரம் போகும். சுவருக்குள்ளும் நன்றாக நுழையும். ஒரே எண்ணிக்கையில் கோபுரம் நட்டாலும் முன்னவரின் லைன் வயற்காட்டில் எடுக்கும், பின்னவரின் லைன் எடுக்காது. மெகாஹெர்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டிராத விவசாயி கிணற்றடியில் நின்று இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். எங்களில் ஒருவரின் அப்பத்தா வாடிப்பட்டிப் பக்கம் இருந்தவர். செல்பேசி வாங்கித் தருகிறோம் என்றதும் அவர் விலையைக் கேட்கவில்லை.

"ஏப்பா, நம்ம வீட்டுக்குள்ள எந்த லைன் எடுக்குது?"

"எல்லாமே எடுக்கும் அப்பத்தா."

"எல்லாம்னா? மாடிக்கு ஏறாம எடுக்குறதைச் சொல்லு. எனக்கு முட்டி வலிக்குதுல்ல."

தொலைத்தொடர்பு பற்றி நாம் கேட்ட மிகத் தெளிவான சந்தை ஆய்வு இதுதான்.

மின்சாரமும் நிலத்தோடு சேர்ந்ததே. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்குமேல் மின்வெட்டு இருந்தது. கோபுரங்கள் மின்கலத்திலும் டீசலிலும் மூச்சு விட்டன. எந்தக் கோபுரத்தின் அடியில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று ஊருக்குத் தெரியும். அந்த லைனுக்கே அந்த ஊர் சாய்ந்தது.

அடுத்தது உறவு. ஒரே நிறுவனத்துக்குள் பேசினால் கட்டணம் குறைவு என்ற விதி குடும்பங்களை மொத்தமாக ஒரு பக்கம் இழுத்தது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை எடுத்துக்கொள்வோம். மல்லிகையின் விலை காலையில் ஒன்று, நண்பகலில் வேறொன்று. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். அதற்கு வெகு முன்பே அதன் விலைநிலவரம் செல்பேசியில் ஓடத் தொடங்கிவிட்டது. பறித்த பூ சில மணி நேரத்தில் மலர்ந்துவிடும். அதற்குள் விலை தெரிந்தாக வேண்டும். கமிஷன் கடைக்காரர் எந்த லைனோ அதே லைனைத் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் இருந்த பூ விவசாயி வாங்கினால் பேச்சுச் செலவு மிச்சம். அவர் வாங்கினால் அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரிலும் அதே லைன். ஒரு சிம் கார்டு இப்படித்தான் சம்பந்தி வீடுவரை பரவியது. பொருளியல் நூல்கள் இதற்கு வேறு பெயர் சொல்லும். நம் ஊரில் இதற்குச் 'சேர்ந்தாற்போல இருப்பது' என்று பெயர்.

நாம் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் யாரோடு பேசப்போகிறோம் என்பதையே தேர்ந்தெடுத்தோம். நிறுவனத்தின் பெயரோ நம்மைக் கேட்காமல் மாறிக்கொண்டே இருந்தது. 9843இல் தொடங்கும் எண்ணைப் பி.பி.எல். என்று வாங்கியவர், 2006இல் ஹட்ச் வாடிக்கையாளரானார், 2007இல் வோடஃபோன், 2018இல் வோடஃபோன் ஐடியா, 2020இல் வி. ஒரே எண், ஒரே ஆள், நான்கைந்து பெயர்கள். ஒருமுறைகூட அவர் கடைப்படி ஏறவில்லை.

*

2009 ஜூனில் டாட்டா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று அறிவித்தது. அதுவரை ஐந்து நொடி பேசினாலும் ஒரு நிமிடக் காசு. ஒரே நொடியில் 'அப்பா, பஸ் ஏறிட்டேன்' என்று சொல்லிவிடலாம் என்றானதும் மிஸ்டு காலின் இலக்கணம் ஆட்டம் கண்டது. மற்றவர்களும் சில மாதங்களில் அதே வழிக்கு வந்தார்கள். 2010 வாக்கில் தமிழ்நாட்டுக்காரர் முன்னால் ஏர்செல், ஏர்டெல், பி.எஸ்.என்.எல்., வோடஃபோன், ஐடியா, ரிலையன்ஸ், டாட்டா, எம்.டி.எஸ்., யூனிநார் என்று ஒன்பது பெயர்கள் இருந்தன. பேருந்து நிலையங்களின் அருகில் வண்ணக் குடைகளை விரித்து, காய்கறி விற்பதுபோலக் கூவிக் கூவிச் சிம் விற்ற காலம் அது. ஒரு கருவிக்கு இரண்டு சிம், சட்டைப்பையில் இன்னும் இரண்டு என்று இளைஞர்கள் திரிந்தார்கள். இரவுப் பேச்சுக்கு ஒன்று, குறுஞ்செய்திக்கு ஒன்று, வீட்டுக்குத் தெரிந்தது ஒன்று.

அந்த மிகுதியின் அடித்தளம் பலவீனமானது. 2008இல் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று ரத்து செய்தது. அந்த ஒதுக்கீட்டின்மீது தொடரப்பட்ட குற்றவழக்கில் அனைவரும் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உரிமம் போன நிறுவனங்களின் குடைகள் மடங்கின.

இதற்கிடையே 2011 ஜனவரி 20 அன்று எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது. சிங்கப்பூரில் 1997இலேயே வந்துவிட்ட வசதி அது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். 'போர்ட் போடுறது' என்ற வினைச்சொல் தமிழுக்குக் கிடைத்தது. 9842 ஏர்செல், 9843 பி.பி.எல். என்ற வாய்ப்பாடு அன்றோடு காலாவதியானது. எண் நிறுவனத்திடமிருந்து கழன்றுகொண்டு மனிதரோடு சேர்ந்தது. அல்லது, சேர்ந்துவிட்டதாக நாம் நினைத்தோம்.

*

அந்த நினைப்பைச் சோதித்தது 2018. சி. சிவசங்கரனின் குழுமத்தில் பிறந்து, 2006இல் மலேசியாவின் மேக்ஸிஸ் வசமான ஏர்செல், தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் முதல் வரிசை நிறுவனம். 2016 செப்டம்பர் 5 அன்று வந்த ஜியோ பேச்சை இலவசமாக்கி, தரவை மட்டும் விற்றது. நிமிடங்களை விற்றுப் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் ஏர்செல்லின் முயற்சி 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. 2018 ஜனவரி இறுதியோடு ஆறு வட்டங்களில் அது சேவையை நிறுத்தியது. பிப்ரவரியின் பிற்பகுதியில், கோபுர நிறுவனங்களுடனான பாக்கித் தகராறில், தமிழ்நாட்டிலும் டவர் போனது.

டவர் போனதும் விளங்கிய உண்மை ஒன்று உண்டு. வேறு நிறுவனத்துக்குப் போகவேண்டும் என்றால் குறியீடு வேண்டும். குறியீடு வேண்டும் என்றால் குறுஞ்செய்தி போகவேண்டும். குறுஞ்செய்தி போகவேண்டும் என்றால் டவர் வேண்டும். டவர் இல்லாததால்தானே போகிறோம்! கூட்டுச்சொத்திலிருந்து பிரிகிறவன் வாங்கும் விடுதலைப் பத்திரம்போன்றது அந்தக் குறியீடு; எழுதித் தரவேண்டியவரோ மயங்கிக் கிடக்கிறார். தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் சேவை மையங்களின் முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். சில நாட்களிலேயே அந்நிறுவனம் திவால் நடைமுறைக்கு விண்ணப்பித்தது. வெளியேற ஏப்ரல் 15 வரை வழிவிடவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது.

அந்த ஆண்டின் சூழலை நினைவில் கொள்ளவேண்டும். செல்பேசி எண்ணை ஆதாருடன் இணைக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் அறிவிப்பு வந்துகொண்டிருந்த நேரம். அதைக் கட்டாயமாக்க முடியாது என்ற தீர்ப்பு செப்டம்பரில்தான் வந்தது. வங்கிக் கணக்கு, சமையல் வாயு, உதவித்தொகை எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில் தொங்கின. கொத்தனாரின் எண் நின்றால் மறுநாள் வேலை இல்லை. கடைக் கதவில் எழுதிய எண் நின்றால் பதினைந்து வருட வாடிக்கை இல்லை. 2003இல் முகவரியான எண், 2018இல் முகவரிக்குரியவரின் சொத்து அல்ல என்று தெரிந்தது.

சத்தமில்லாமல் இன்னொன்றும் அதே ஆண்டில் நடந்தது. 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுவதும் அழைப்பு வரும் என்று 2005, 2006 வாக்கில் நிறுவனங்கள் விற்ற 'லைஃப்டைம்' அட்டைகளை நம்பி வைத்திருந்தவர்கள் பலர். 2018 இறுதியில் மாதந்தோறும் குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்யாவிட்டால் வரும் அழைப்பும் நிற்கும் என்ற முறை வந்தது. நிறுவனத்தின் ஆயுளா நம் ஆயுளா என்பதை அந்த அட்டைகள் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. எங்களில் இன்னொருவரின் தாயார் அப்படி ஓர் எண் வைத்திருந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. ஆங்கிலத்தில் வந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளை அவர் படிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து மகன் அழைத்தபோது வேறொரு ஆண்குரல் எடுத்தது. "இது இப்ப என் நம்பருங்க. அந்த அம்மாவைக் கேட்டு நிறையப் பேரு கூப்புடுறாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர், கோபமில்லாமல். உறவுக்காரர்கள் அனைவருக்கும் புதிய எண் போய்ச்சேர ஓராண்டானது. போய்ச்சேராதவர்களும் இருந்தார்கள், ஒரு சாவுச் சேதி அவருக்குக் கருமாதி முடிந்தபிறகே வந்தது.

*

இன்று மதுரைக்காரர் முன்னால் இருப்பவை நான்கு: ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். தனியார் மூவரின் விலைகளும் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஏறுகின்றன. 2024 ஜூலையில் அவர்கள் அடுத்தடுத்து விலையை உயர்த்தியபோது கணிசமானோர் பி.எஸ்.என்.எல். பக்கம் திரும்பினார்கள், அந்நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை 2025 செப்டம்பர் இறுதியில்தான் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. திட்டங்கள் 28 நாள் கணக்கில் ஓடுவதால் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம் என்ற புதிய பஞ்சாங்கம் உருவாகியிருக்கிறது. பேச மட்டுமே தெரிந்த முதியவரும் தரவுக்குச் சேர்த்துக் காசு கட்டிவந்தார். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் விற்கவேண்டும் என்று ஆணையம் 2024 டிசம்பரில் விதி செய்தது.

'எந்த லைன்' என்று இப்போது எவரும் கேட்காததன் காரணம் எளிது. எந்த லைனிலிருந்து எந்த லைனுக்குப் பேசினாலும் காசு ஒன்றே. அது நல்லதுதான்; பழைய ரேஷன் பேச்சுக்காக ஏங்குவது பொய்யான ஏக்கம். ஆனால் கேள்வி மறைந்ததால் தேர்வும் முடிந்துபோனது என்று கொள்ளவேண்டியதில்லை. எத்தனை நிறுவனங்கள் இருந்தன என்பதைவிட, விட்டு விலக எவ்வளவு எளிதாக இருந்தது என்பதே சுதந்திரத்தின் அளவு என்று இந்த வரலாறு நமக்குச் சொல்கிறது. இரண்டு பேர் இருந்த காலத்தில் விலக வழியில்லை. ஒன்பது பேர் இருந்த காலத்தில் வழி வந்தது. விழுகிற நிறுவனத்தின் கையில் சாவி இருந்ததால் தேவைப்பட்ட நாளில் அது திறக்கவில்லை. எண் என்பது அதை வைத்திருப்பவரின் உடைமை, நிறுவனம் அதற்கு வாடகைக்காரர் என்று சட்டம் தெளிவாக எழுதப்படும் நாளில்தான் நாம் உண்மையில் தேர்ந்தெடுக்கத் தொடங்குவோம்.

அதுவரை, அப்பத்தாவின் அளவுகோலே நமக்கும். மாடிக்கு ஏறாமல் எடுக்கிற லைன் எதுவோ, அது.